விரிசல் விட்ட பலகையும் உடுக்கைக் கட்டையும்: வாசகர் கேள்வி பதில்

மரவேலை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: பலகை பிளக்கிறது, குறுக்கே கட்டை பதித்தால் நிற்குமா? இரண்டு பக்கமும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கிய அந்தத் துண்டைச் சிலர் பட்டாம்பூச்சி என்கிறார்கள். பார்க்க உடுக்கை மாதிரி இருப்பதால் உடுக்கைக் கட்டை என்றே எழுதுகிறோம். ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மி.மீ.

*மிக்ஜாம் புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தை இரண்டு இன்ச் கனத்தில் அறுத்து மேசைப் பலகை செய்தோம். அகலம் 30 இன்ச். ஒரு முனையில் தொடங்கிய விரிசல் இப்போது 14 இன்ச் ஓடிவிட்டது. வாய்ப்பக்கம் ஒன்றரை நூல் திறந்திருக்கிறது. மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்தால் போதும் என்கிறார் ஆசாரி. குறுக்கே உடுக்கைக் கட்டை போடச் சொல்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?*
– வாசகி, கொருக்குப்பேட்டை

மகன் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் கட்டை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஈரம் ஏறி இறங்கும்போது அசைவதெல்லாம் அகலவாக்கில்தான். பலகையின் வெட்டுமுனை நடுப்பகுதியைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும்; நடுவில் இருக்கும் ஈர மரம் அதை விடாது. அந்த இழுபறியில்தான் முனை கிழிகிறது. நட்ட நடுவில் மரத்தின் நெஞ்சு, அதாவது தண்டின் மையம், ஓடும் பலகையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அது பிளந்தே தீரும்.

தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தது காய்ந்ததும் கல்லாகிவிடும். கத்திரி வெயிலில் விரிசல் இன்னும் கொஞ்சம் திறக்கும்போது ஒரு பக்கம் பிட்டுக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் பலகை ஊதி விரிசல் மூடப் பார்க்கும்போது அதே அடைப்பு நடுவில் ஆப்பாக உட்கார்ந்து, விரிசலின் நுனியை இன்னும் உள்ளே தள்ளும். உடுக்கைக் கட்டை அப்படியில்லை. அது விரிசலை மூடாது. இரண்டு உதடுகளும் மேற்கொண்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூட வேண்டும் என்று கிளாம்ப் போட்டு இறுக்காதீர்கள். கையால் அழுத்தினாலே மூடும் விரிசல் அடிபட்டுப் பிளந்தது. அதற்குப் பசை போட்டுக் கிளாம்ப் போதும். கையால் மூடாதது காய்ந்து சுருங்கியதால் வந்தது. அதைப் பலவந்தமாக மூடினால் அந்த இழுப்பு பலகைக்குள்ளேயே தங்கி வேறு இடத்தில் பிளக்கும்.

கட்டை வெட்டுவதற்கு முன் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். இரும்பு ஃபிரேமோடு நான்கு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தால் குற்றவாளி அதுதான். அகலவாக்கில் பலகை நகர வழியே இல்லை. ஃபிரேமில் உள்ள துளைகளை அகலவாக்கில் முக்கால் இன்ச் நீளத்துக்கு ராவி, வாஷர் போட்டு, ஸ்குரூவைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். இதைச் செய்யாமல் எத்தனை கட்டை பதித்தாலும், கட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு விரிசல் புறப்படும்.

அடுத்தது காய்ச்சல் பதம். காற்றில் காய ஓர் இன்ச் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. உங்கள் பலகைக்கு இரண்டு ஆண்டு வேண்டும். விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நான்கு வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். அதுவரை வெட்டுமுனை இரண்டிலும் ஃபெவிகாலைக் கெட்டியாக இரண்டு கோட் தடவி வைத்துக் காத்திருங்கள்.

நின்றுவிட்டது என்றால் மூன்று கட்டை. முதல் கட்டை முனையிலிருந்து 2 இன்ச் உள்ளே: நீளம் 100 மி.மீ., இரு ஓரத்திலும் அகலம் 44, இடுப்பு 22. இரண்டாவது 7 இன்ச்சில், நீளம் 85. மூன்றாவது பன்னிரண்டரை இன்ச்சில், நீளம் 70. அதாவது விரிசல் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால். ஓடுகிற விரிசலை நிறுத்துவது இந்தச் சின்னக் கட்டைதான்; அழகுக்காக வாய்ப்பக்கம் மட்டும் ஒன்று பதிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். மூன்றுக்கும் ஆழம் 18 மி.மீ. விரிசல் அடிப்பக்கம் வரை ஊடுருவியிருந்தால், மேலே இருக்கும் கட்டைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் அடியிலும் இரண்டு பதியுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 36 போனாலும் நடுவில் அரை இன்ச்சுக்கு மேல் மரம் மிஞ்சும்.

இன்னும் பெரிதாகப் போட்டால் பலமாக இருக்குமே என்று தோன்றும். கட்டை நீளவாக்கில் அசையாது, அதைச் சுற்றியுள்ள பலகை அகலவாக்கில் அசையும். கட்டை நீள நீள இரண்டுக்கும் நடுவே சண்டை வளரும். 6 இன்ச் கட்டை ஒன்றைவிட 3 இன்ச் கட்டை இரண்டு மேல்.

*கடையில் போட ஒன்றரை இன்ச் தேக்குப் பலகை, பழைய மரக்கடையில் வாங்கியது. விரிசல் இருக்கிறது. என்னிடம் அரை இன்ச், ஓர் இன்ச் உளி, கொட்டாப்புளி, சின்ன ரம்பம், டிரில் மட்டும் உண்டு. ரூட்டர் இல்லாமல் முடியுமா? முதல்முறை செய்கிறேன், படிப்படியாகச் சொல்லுங்கள்.*
– வாசகர், வியாசர்பாடி

தாராளமாக முடியும். பள்ளம் தோண்டும் மின்கருவியான ரூட்டர் இருந்தாலும் மூலைகளை உளியால்தான் எடுக்க வேண்டும்.

பலரும் பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டு அதற்குப் பொருந்தும்படி கட்டையைச் செதுக்குவார்கள். அது தலைகீழ். கட்டையை முதலில் செய்யுங்கள். அதை வைத்தே பலகையில் கோடு இழுங்கள்.

கட்டைக்கு மரம்: பலகையைவிடக் கடினமாக, அல்லது குறைந்தபட்சம் அதே அளவாவது இருக்க வேண்டும். தேக்குக்கு ஈட்டி நன்றாக எடுப்பாகத் தெரியும். உடைந்த பழைய நாற்காலிக் கால் ஒன்று போதும், பத்துக் கட்டை கிடைக்கும். கருவேலமும் ஆச்சாவும் உறுதிக்குக் குறைவில்லை, உளிதான் பாவம். வேங்கை அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கசியும்; வெளிர் நிறப் பலகையில் போடாதீர்கள். எந்த மரமானாலும் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி, கட்டையின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். ரேகை குறுக்கே போனால் பிஸ்கட் மாதிரி இடுப்பில் ஒடிந்துவிடும்.

உங்கள் பலகை ஏறக்குறைய 38 மி.மீ. கட்டை 14 மி.மீ. கனம், பள்ளம் 12 மி.மீ. ஆழம். பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு பள்ளம் என்பது நல்ல அளவு. பாதியைத் தாண்ட வேண்டாம். நீளம் 80, ஓர அகலம் 36, இடுப்பு 18. இந்தச் சரிவு அதிகமுமில்லை, குறைவுமில்லை. சரிவு குறைந்தால் கட்டை வழுக்கிக்கொண்டு வரும். கூடினால் அகன்ற மூலைகளில் ரேகை குட்டையாகிப் பெயர்ந்து விழும்.

அட்டையில் வடிவம் வெட்டி மரத்தில் வரைந்துகொள்ளுங்கள். இடுப்புக் கோட்டில் ரம்பத்தால் இருபுறமும் குறுக்கே ஒரு வெட்டு, கோட்டுக்கு அரை மி.மீ. முன்னால் நிறுத்தவும். பிறகு உளியால் அகன்ற ஓரத்திலிருந்து இடுப்பை நோக்கிச் சீவுங்கள். இடுப்பிலிருந்து வெளியே சீவினால் உளி ரேகைக்குள் பாய்ந்து கட்டை பிளக்கும். நான்கு சரிவும் நேராக வந்ததும், கட்டையின் அடிமுகம் மேல்முகத்தைவிட அரை மி.மீ. சிறிதாக இருக்கும்படி பக்கங்களை லேசாக உள்சாய்வாகத் தேயுங்கள். தக்கை மாதிரி இறங்க இறங்க இறுகும். பாதிக் கைத்திறமையை இந்தச் சாய்வு ஈடுகட்டிவிடும்.

கட்டையின் இடுப்பு சரியாக விரிசல் மேல் வரும்படி, அடிமுகம் கீழே பார்க்க, இரட்டைப்பக்க டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். கூர்க்கத்தியால் சுற்றிக் கோடு போடுங்கள்: முதல் சுற்று மெதுவாக, இரண்டாவது அழுத்தி. பென்சில் வேண்டாம், அதன் தடிமனே இடைவெளியாகிவிடும். கட்டைக்கும் பள்ளத்துக்கும் ஒரே எண், எந்தப் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி. கையால் செய்த இரண்டு கட்டை ஒன்றுபோல் இருப்பதில்லை. எண் போடாமல் ஐந்தைக் கலந்துவிட்டால் அன்றைய வேலை போச்சு.

பள்ளம்: 10 மி.மீ. பிட்டில், நுனியிலிருந்து 11 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தள்ளி வரிசையாகத் துளை போடுங்கள். மீதியை உளியால் எடுங்கள். சரிவுப் பக்கங்கள் பலகையின் ரேகையை அறுத்துக்கொண்டு போவதால் அங்கே கொட்டாப்புளியால் அடிக்கலாம். இரண்டு கடைசி ஓரங்கள் ரேகையோடு ஓடுபவை. அங்கே உளியை நிறுத்தி ஓங்கி அடித்தால் நீங்களே புது விரிசல் போட்டுவிடுவீர்கள். கைப்பிடியைத் தோளால் அழுத்தி மெல்ல மெல்லச் சீவுங்கள். தேக்கில் மணற்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும்; ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை சாணைக்கல் பிடியுங்கள்.

பசையில்லாமல் வைத்துப் பார்க்கும்போது பாதி ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுசாக இறக்கினால் திரும்ப எடுக்க முடியாது.

தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முன் பள்ளத்தையும் கட்டையையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் உலரவிடுங்கள். பசை அரால்டைட் ஸ்டாண்டர்டு (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எபாக்சி) என்றால் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு. சுவர்களில் மெல்லியதாகத் தடவுங்கள், அடியில் ஒரு பொட்டு போதும். பள்ளத்தை நிரப்பினால் அடியில் மாட்டிய பசை வெளியேற வழியின்றிக் கட்டையைத் தூக்கி நிறுத்தும். மேலும் அடித்தால் பலகை பிளக்கும். விரிசல் வழியாகப் பசை கீழே ஒழுகாமல் அடியில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டை மேல் ஒரு வேண்டாத துண்டை வைத்துத் தட்டுங்கள். அடியைத் தொட்டதும் சத்தம் மாறி ‘ணங்’ என்று கெட்டியாகக் கேட்கும். அதோடு நிறுத்துங்கள்.

ஒருநாள் முழுக்க விட்டுவிட்டு, மேலே நிற்கும் 2 மி.மீ.யை இழைப்புளியால் எடுங்கள். கட்டையின் ரேகை பலகைக்குக் குறுக்கே ஓடுவதால், ஓரத்திலிருந்து வெளியே தள்ளினால் விளிம்பு பெயரும். இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். கடைசித் தேய்ப்பு 120, பிறகு 180 உப்புத்தாள், ஒரு மரத்துண்டில் சுற்றி, பலகையின் ரேகையோடு. சுற்றிலும் மயிரிழை இடைவெளி தெரிந்தால் அதே கட்டை மரத்தின் தூளை அரால்டைட்டில் குழைத்து அழுத்துங்கள். அதைவிடப் பெரிய இடைவெளிக்குத் தூள் அசிங்கமாகத் தெரியும். மெல்லிய சீவலை ஆப்பாக அடித்துச் செருகுங்கள்.

*ஆசாரியை வைத்துக் கட்டை பதித்து ஓராண்டு ஆகிறது. மழைக்காலத்தில் போட்டபோது கச்சிதமாக இருந்தது. இப்போது கட்டையின் சரிவுப் பக்கங்களில் இடைவெளி தெரிகிறது, தட்டினால் டக்டக் என்கிறது. பசை மோசமா?*
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பசையைக் குறை சொல்ல வேண்டாம், கட்டை ஈரமாக இருந்திருக்கிறது. கட்டையின் அகலம் பலகையின் நீளத்தோடு படுத்திருக்கிறது. பலகை அந்தத் திசையில் அசையாது. கட்டையோ அந்தத் திசையில்தான் சுருங்கும். கணக்குப் போட்டால், தேக்கில் 36 மி.மீ. அகலக் கட்டை ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 9-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.3 மி.மீ. குறையும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி இது. கடற்கரைப் பக்கம் ஈரக்காற்றில் கிடக்கும் மரம் 14 சதவீதம் சுமாருக்கு வரும். அதையே ஏசி ஓடும் கடைக்குள் வைத்தால் 9 பக்கம் போகும்.

அதனால் கட்டை எப்போதும் பலகையைவிடக் காய்ந்ததாக இருக்க வேண்டும். வெட்டிய கட்டைகளை ஒரு வாரம் ஃபிரிட்ஜ் மேலேயோ ஏசி அறையிலோ வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று நாள் எடை மாறாமல் இருந்தால் பதிக்கலாம். பதித்த பிறகு கொஞ்சம் ஈரம் வாங்கி ஊதும், தானே இறுகும். உங்களுடையதைத் தோண்டி எடுக்க வேண்டாம். சரிவுப் பக்கங்களில் அதே நிற மரத்தில் மெல்லிய ஆப்பு செருகி, அரால்டைட் விட்டு, சமப்படுத்திவிடுங்கள். பாலீஷ் மேலே மட்டும் போட்டிருந்தால் அடிப்பக்கத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை அப்பளம் போல் வளையும்.

*தாத்தா காலத்து பர்மா தேக்கு ஊஞ்சல் பலகை. அகலம் 18 இன்ச். சங்கிலிக் கொக்கி போகும் ஒரு துளையிலிருந்து விரிசல் கிளம்பி நடுவரை வந்திருக்கிறது. பித்தளைப் பூ வேலை உள்ளதால் மாற்ற மனமில்லை. உடுக்கைக் கட்டை பதித்தால் குழந்தைகள் ஆடலாமா?*
– வாசகி, ராயபுரம்

கூடாது. கட்டையை மட்டும் நம்பி ஒருவரும் உட்கார வேண்டாம். ஊஞ்சலின் முழு எடையும் நான்கு துளைகளில் தொங்குகிறது. ஆடும்போது அந்த எடை ஏறி இறங்கும். துளையைத் தொட்ட விரிசலை 12 மி.மீ. ஆழக் கட்டை தாங்காது. மேல்பக்கம் பிடித்துக்கொண்டிருக்க, அடிப்பக்கம் வாய் திறக்கும்.

எடையைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. அடியில், இரண்டு முனையிலும் துளை வரிசைக்கு நேராக, பலகையின் முழு அகலத்துக்கும் 3 இன்ச் அகலம், 8 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டை ஒவ்வொன்று. கொக்கி பலகையையும் பட்டையையும் ஊடுருவி, நட்டு பட்டைக்கு அடியில் இறுக வேண்டும். அப்போது பலகை பட்டை மேல் சும்மா படுத்திருக்கும். பட்டையைப் பலகையோடு பிடிக்கும் ஸ்குரூக்களில் நடுவில் உள்ளது மட்டும் வட்டத் துளை, மற்றவை அகலவாக்கில் நீண்ட துளை. ஈரப்பதம் 3 சதவீதம் மாறினாலே 18 இன்ச் தேக்குப் பலகை ஏறக்குறைய இரண்டரை மி.மீ. அசையும். பலகையில் உள்ள கொக்கித் துளையையும் அதே காரணத்துக்காக ஒரு நூல் பெரிதாக்குங்கள்.

பட்டை போட்ட பிறகு விரிசலுக்கு மேலே மூன்று உடுக்கைக் கட்டை பதியுங்கள், துளையிலிருந்து 2 இன்ச் தள்ளி. பித்தளைப் பூக்களோடு சேர்ந்து அதுவும் ஒரு வேலைப்பாடாகத் தெரியும். உத்தரத்துக் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் கையோடு முடித்துவிடுங்கள்.

*மரத்துக்குப் பதில் பித்தளையில் செய்யலாமா?*
– வாசகர், திருவொற்றியூர்

செய்யலாம். 5 அல்லது 6 மி.மீ. பித்தளைப் பட்டை பாரிமுனைப் பக்கம் எடைக்குக் கிடைக்கும். ஹேக்ஸாவால் வெட்டி அரத்தால் சீர்செய்யுங்கள். பித்தளை ஈரத்துக்கு அசையாது, அதனால் மேலே சொன்ன காய்ச்சல் தொல்லை இல்லை. ஆனால் மரம் போல இறுகிக்கொள்ளவும் தெரியாது. பள்ளம் துல்லியமாக இல்லாவிட்டால் இடைவெளி அப்படியே நிற்கும். அடிமுகத்தை அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தின்னரால் துடைத்து, அரால்டைட்டில் பதியுங்கள். ஃபெவிகால் உலோகத்தைப் பிடிக்காது.

சமப்படுத்த இழைப்புளியைத் தொடாதீர்கள், அலகு போய்விடும். அரம், பிறகு 120, 240, 400 எமரி. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பித்தளைத் தூள் சுற்றியுள்ள மரத்தின் துவாரங்களில் ஏறிக் கருப்பாகிவிடும், பிறகு வராது. தேய்க்கும் முன் பலகைக்கு ஒரு கோட் பாலீஷ் கொடுத்து, கட்டையைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். பளபளப்பு முக்கியம் என்றால் மேலே லேக்கர் ஒரு கோட் கொடுங்கள்.

*இது ஜப்பான் முறை என்கிறார்களே?*
– வாசகர், பெரம்பூர்

ஜப்பானில் உண்டு, அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய எகிப்தியக் கோயில்களில் கற்களைப் பிணைக்கவே இதே வடிவத்தில் வெட்டியிருக்கிறார்கள். பிளந்த பலகையை மறைக்காமல், கட்டையைக் கண்ணுக்குத் தெரியும்படி போட்டு அதையே அழகாக்கிப் பெயர் வாங்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா (1905–1990). ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். நமக்கு அவர் முழு அந்நியரும் இல்லை: 1930-களின் கடைசியில் புதுச்சேரியில் தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர்.

*கேரம் போர்டின் ஓரச் சட்டம் மூலையில் வாய் பிளக்கிறது. உடுக்கைக் கட்டை சரியா?*
– வாசகர், எண்ணூர்

அது பலகை விரிசல் அல்ல, மூட்டு விடுவது. மூலையைச் சுத்தம் செய்து ஒட்டி, கயிறு கட்டி இறுக்கி ஒருநாள் வையுங்கள். பிறகு மூலையின் வெளிப்பக்கம் ரம்பத்தால் குறுக்கே இரண்டு வெட்டு போட்டு, அந்த வாய்க்குள் மெல்லிய மரச்சீவலைப் பசையோடு செருகிச் சமப்படுத்துங்கள். நடுப்பலகை பிளைவுட், ரேகைகள் மாறி மாறி ஒட்டியது என்பதால் அதற்கு உடுக்கைக் கட்டை தேவைப்படாது. அது உப்பினால் மாற்றத்தான் வேண்டும்.

*மீன் வெட்டும் புளியங்கட்டை, வட்டமானது, நடுவிலிருந்து ஓரம்வரை ஆப்பு மாதிரி பிளந்துவிட்டது. இதற்கும் அந்தக் கட்டையைப் பதிக்கலாமா?*
– வாசகி, காசிமேடு

வேண்டாம். முழு மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத்தில், சுற்றளவு சுருங்குவது ஆரம் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீதிக் கணக்கை மரம் ஓர் ஆப்பு வடிவ விரிசலாகத் தீர்த்துக்கொள்ளும். தினம் நனைந்து காயும் கட்டையில் எதைப் பதித்தாலும் சில மாதத்தில் எகிறிவிடும். கத்தி விழும் இடத்தில் அரால்டைட்டும் இருக்கக் கூடாது, சில்லு மீனோடு போகும்.

பீப்பாய்க்குப் போடுவது போல இரும்புப் பட்டை வளையம் போடுங்கள். ஓர் இன்ச் அகலப் பட்டையின் இரு முனையையும் வெளியே மடித்துத் துளைத்து, நடுவில் நீளமான போல்ட். மேல்முகத்திலிருந்து ஒன்றரை இன்ச் கீழே உட்கார வேண்டும், கத்தி படாது. போல்ட்டை ஒரே நாளில் முறுக்கித் தள்ளாதீர்கள். கட்டை நனைந்திருக்கும்போது கைக்கு இறுகும்வரை, பிறகு வாரம் அரைச் சுற்று. வேலை முடிந்ததும் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் ஈரச் சாக்குப் போர்த்தி வையுங்கள். விரிசலில் சிக்கும் செதிலையும் கழிவையும் தினம் பிரஷ் போட்டு எடுத்தாக வேண்டும். விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டால் சுத்தம் செய்ய முடியாது, வேறு கட்டை வாங்கிவிடுங்கள். புதிதாக வாங்கும்போதே வளையம் போட்டுவிடுவது நல்லது.